தோட்டத்திலிருந்து தலைநகர் மகளிர் பேரணிக்கு: முதன்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இது: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டு பெண்கள். சிலர் செம்பனையில் மருந்தடிக்கிறார்கள், சிலர் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை. மார்ச் மாதம் கோலாலம்பூரில் நடக்கும் மகளிர் உரிமைப் பேரணிக்குப் போக ஆசை. இதுவரை யாரும் போனதில்லை. போலீஸ் பிடிக்குமா, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா, வேலைக்கு ஆபத்து வருமா, கையில் என்ன கொண்டுபோவது?

தாராளமாகப் போங்கள். ஆனால் பஸ்ஸுக்குக் காசு சேர்க்கும் முன்பு பன்னிரண்டு பேரின் ஐ.சி.யையும் (அடையாள அட்டை) எடுத்துப் பாருங்கள். நீல நிறம் என்றால் கவலை இல்லை. தோட்டப்புறங்களில் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு ஐ.சி.யோடு இருக்கும் அம்மாக்கள் இன்றைக்கும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. சிவப்பு ஐ.சி. என்றால் நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. கலந்துகொண்டால் 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். நாற்பது வருடம் பால் வெட்டிய ஒருவரிடம் இதைச் சொல்ல நெஞ்சு கனக்கும். சொல்லாமல் கூட்டிப்போவது அதைவிடப் பெரிய தவறு. குடியுரிமை விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர் என்றால் இன்னும் கவனம் தேவை. அவருக்கு ஊரிலேயே முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அடுத்தது பிள்ளைகள். அதே சட்டத்தில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் குழந்தை. இத்தகைய பேரணிக்குக் குழந்தையை அழைத்து வருபவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம். கைக்குழந்தைக்கும் இதுதான் சட்டம். பேரணியில் தள்ளுவண்டியோடு வரும் தாய்மாரை நீங்கள் படங்களில் பார்த்திருக்கலாம். பார்த்தது உண்மைதான், சட்டமும் உண்மைதான். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை இருந்தால் அந்தத் தாய் இந்த முறை நின்றுகொள்ளட்டும். மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை இரண்டு வாரத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். பன்னிரண்டு பேர் கிளம்புவதாகச் சொல்லி ஐந்து பேர் மட்டும் பஸ் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், பயம் அல்ல. முன்பு தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருந்தது. இப்போது இரண்டு பாட்டிமாரிடம் பேசி, அன்றைய சாப்பாட்டுக்கும் அவர்கள் கைச்செலவுக்கும் பணம் ஒதுக்கினால் ஒரு நாளைக்கு அந்த ஏற்பாட்டை நீங்களே செய்துவிடலாம். 15 வயது நிரம்பிய மகள் வரலாம். ஆனால் ஏற்பாட்டாளராக இருக்க 21 வயது ஆக வேண்டும்.

போலீஸ் பயத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 10-ஆம் பிரிவு, குடிமக்கள் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைச் சொல்கிறது. 2012 சட்டம் முதலில் தெருவில் ஊர்வலமாக நடப்பதையே தடை செய்திருந்தது. 2019 திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. முன்னறிவிப்புக் காலத்தையும் 10 நாளிலிருந்து 5 நாளாகக் குறைத்தது. அறிவிப்பை மாவட்ட போலீஸ் தலைவரிடம் கொடுக்க வேண்டியவர் ஏற்பாட்டாளர். நடக்க வருகிற நீங்கள் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அறிவிப்புக் கொடுக்கத் தவறினால் குற்றம், 10,000 வெள்ளி அபராதம் என்றிருந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது, தண்டனைதான் போனது. ஆகவே 'பெர்மிட் இல்லாத கூட்டம், போனால் உள்ளே தள்ளிவிடுவார்கள்' என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தில் பெர்மிட் என்ற ஒன்றே இல்லை, அறிவிப்பு மட்டும்தான் உண்டு என்று சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காலையில் எங்கே கூடுவது? கோயில் திடலில், இல்லையென்றால் தமிழ்ப்பள்ளி வாசலில், அதுவும் இல்லையென்றால் பெட்ரோல் நிலையத்தில் என்றுதான் வாயில் வரும். சட்டம் பேரணிக்குத் தடை செய்த இடங்களின் பட்டியலில் வழிபாட்டுத் தலம், பள்ளி, பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, ரயில் தடம், பொதுப் போக்குவரத்து முனையம் எல்லாமே இருக்கின்றன. அவற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக்கூடாது. பஸ் ஏற நிற்பது பேரணி ஆகாது. அங்கே பதாகையைப் பிரித்து, முழக்கம் போட்டு, படம் எடுத்தால் பேச்சுக்கு இடமாகிவிடும். பதாகைகளை பஸ்ஸின் அடியில் கட்டாகப் போட்டுவிட்டு அமைதியாக ஏறுங்கள். படத்துக்குத் தலைநகரில் போதுமான இடம் இருக்கிறது.

வேலை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுக்காதீர்கள். காலையில் கிளினிக் சீட்டு, மதியம் ஃபேஸ்புக்கில் உங்கள் முகம் என்றால் நிர்வாகத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். பேரணி ஞாயிற்றுக்கிழமையாக இருந்து அது உங்கள் ஓய்வு நாள் என்றால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். சனிக்கிழமை என்றால் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை எழுத்தில் கேளுங்கள். வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 12, அதற்கு மேல் 16. எதற்கு என்று கிராணி (தோட்ட எழுத்தர்) கேட்டால் 'சொந்த வேலை' என்பதே போதுமான பதில். விண்ணப்பத்தின் நகலைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பதாகை. முதன்முறை போகிறவர்கள் ஏற்பாட்டாளர் கொடுக்கும் அட்டையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டு வருவார்கள். தவறில்லை, ஆனால் அதற்காக 230 கிலோமீட்டர் போக வேண்டுமா? தோட்டத்துப் பெண்ணின் கோரிக்கையை அந்தக் கூட்டத்தில் எழுதிக் காட்டக்கூடியவர்கள் நீங்கள்தான். பட்டணத்துத் தோழிகளுக்கு மனமிருந்தாலும், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, எங்களுக்கு என்ன வேண்டும் என்று பேசுங்கள். பன்னிரண்டு பேர் பேசினால் இருபது குறை வரும். அதில் மூன்றை மட்டும் எடுங்கள்.

எடுத்துக்காட்டாகச் சம்பளம். 2019 மகளிர் பேரணியின் ஐந்து கோரிக்கைகளில் ஒன்று 1,800 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம். 2025-இல் சட்டமான தொகை 1,700 வெள்ளி. ஆறு வருடத்துக்கு முன் கேட்டதைவிட இன்னும் 100 வெள்ளி குறைவு. கூலி எடைக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் இடத்திலும் மாதச் சம்பளம் அந்தத் தொகைக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். உங்கள் சம்பளச் சீட்டில் அப்படி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் முதல் பதாகை தயார்.

மருந்தடி வேலை இரண்டாவது. பல தோட்டங்களில் இந்த வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது. 2002-இல் பெண்கள் அமைப்பான தெனாகானித்தா, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் உடல்நிலையைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. அந்த அமைப்பை நடத்திய ஐரின் பெர்னாண்டஸ் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லி நஞ்சுக்கு 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1-இலிருந்துதான் முழுத் தடை வந்தது. ஒரு டின் மருந்தை நிறுத்த இத்தனை வருடம். இப்போது கேட்க வேண்டியவை நச்சுத் தடுப்பு முகமூடி, கையுறை, வேலை முடிந்து குளிக்கத் தண்ணீர், நிர்வாகச் செலவில் மருத்துவப் பரிசோதனை.

மூன்றாவது, பாலியல் தொல்லை. மண்டோரோ (வேலை மேற்பார்வையாளர்) மேலாளரோ தவறாகப் பேசினால், தொட்டால், எங்கே போய்ச் சொல்வது? பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து வேலைச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஆபீஸ் சுவரில் அது இருக்கிறதா? 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க உத்தரவிடலாம். 'எங்கள் தோட்டத்துச் சுவரில் அந்த அறிவிப்பு எங்கே?' என்று எழுதிய அட்டை, 'பெண்ணுக்கு மரியாதை கொடு' என்பதைவிட நூறு மடங்கு கேட்கும்.

அட்டை செய்யும் முறை: மளிகைக் கடையில் கிடைக்கும் பால்டின் பெட்டி அட்டை போதும். அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 45. அதைவிடப் பெரிதானால் காற்று அடிக்கும்போது கை வலிக்கும், முன்னால் நடப்பவர் முதுகில் இடிக்கும். மேலே தமிழில் ஒரு வரி, கீழே மலாயில் ஒரு வரி. எழுத்தின் உயரம் 8 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சாலை ஓரத்தில் நிற்பவருக்கு வாசிக்க முடியாது. சாதா மார்க்கர் கோடு மெல்லியது, படத்தில் விழாது. கறுப்புச் சாயத்தில் பட்டையான தூரிகையால் எழுதுங்கள். மார்ச் மாதம் கோலாலம்பூரில் பிற்பகல் மழை வந்துவிடும், ஆகவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஒட்டுங்கள். மரக்கம்போ மூங்கிலோ வேண்டாம், ஆயுதம் என்று பிடுங்கி வைக்க வாய்ப்பு உண்டு. துணிக்கடையில் தூக்கிப் போடும் அட்டைக் குழாய் நல்லது, கையிலேயே பிடித்தால் இன்னும் நல்லது. இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் தொடும் சொல் எதுவும் அட்டையில் வரக்கூடாது. தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 2019 பேரணிக்குப் பிறகு ஏற்பாட்டாளர்களை அதன் கீழ் விசாரித்தார்கள். தோட்ட நிர்வாகத்தின் பெயரையோ மேலாளர் பெயரையோ எழுதாதீர்கள். அது அவதூறு வழக்குக்கு வழி. குறையை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள்.

பயணம். பன்னிரண்டு பேருக்கு ஒரு வேன் வசதி, ஆனால் தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் பஸ்ஸை 'தெரிந்த டிரைவர்' என்று அமர்த்தாதீர்கள். அதன் உரிமம் தொழிலாளர் போக்குவரத்துக்கு மட்டும். வழியில் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) நிறுத்தினால் டிரைவருக்கு சம்மன், உங்களுக்குப் பாதி வழியில் நடுரோடு. சுற்றுலா உரிமம் உள்ள வண்டியா என்று கேட்டு, எழுத்தில் ரசீது வாங்குங்கள். இ.டி.எஸ். என்ற விரைவு மின்ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறது என்பதால் என் தேர்வு ரயில்தான். சாலைத் தடுப்பும் இல்லை, தூக்கக் கலக்க டிரைவரும் இல்லை. பள்ளி விடுமுறை வார இறுதியில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி தெரிந்த அன்றே பதிவு செய்யுங்கள். எல்லா இ.டி.எஸ். ரயிலும் அங்கே நிற்பதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி கொமுட்டர் புறநகர் ரயிலில் இரண்டாவது நிலையம் பேங்க் நெகாரா. இந்தப் பேரணிகள் தொடங்கியிருக்கும் சோகோ கடைத்தொகுதி அங்கிருந்து நடக்கும் தூரம். சோகோவிலிருந்து மெர்டேக்கா சதுக்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தூரம் சிறிது, ஆனால் நின்று நின்று நகர்வதால் இரண்டு, மூன்று மணி நேரம் வெயிலில் இருப்பீர்கள். தொடங்கும் இடமும் பாதையும் கடைசி நாளில்கூட மாறலாம், ஏற்பாட்டாளரின் அறிவிப்பை முதல் நாள் இரவு மறுபடி பாருங்கள்.

காலணி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: சிலிப்பர் வேண்டாம், கட்டிய சப்பாத்து. பருத்தி உடை. மகளிர் தினத்தின் நிறம் ஊதா, இருந்தால் போடுங்கள், இல்லையென்று புதிதாக வாங்க வேண்டாம். தாலிக்கொடியை உடைக்குள் போட்டு ஊசியால் குத்திக்கொள்ளுங்கள், மற்ற நகைகள் வீட்டில் இருக்கட்டும். நெரிசலில் கைவரிசை காட்டுபவன் எந்தக் கூட்டத்திலும் இருப்பான். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பும் சீனியும் கலந்த பொட்டலம், இனிப்புநீர் இருப்பவர்களுக்கு பிஸ்கட், அன்றைய மாத்திரை முழுவதும், துவாலை, மழைச்சட்டை, சானிட்டரி பேட். குடையின் கம்பி அடுத்தவர் கண்ணைக் குத்தும், அது வேண்டாம். கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுபவர்கள் பெண்கள்தான். சோகோவுக்குள் கழிப்பறை இருக்கிறது, கிளம்பும் முன் எல்லோரும் ஒரு முறை போய்வாருங்கள். போனில் விரல் ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு போடுங்கள். ஐ.சி. அசல் கட்டாயம்.

இரண்டு இரண்டு பேராக ஜோடி சேருங்கள். ஜோடியை விட்டு கழிப்பறைக்குக்கூடப் போகக்கூடாது. ஒருவர் குழுத் தலைவி, ஒருவர் மருந்துப் பை. ஊரில் ஒருவர் போனும் கையுமாக இருக்க வேண்டும். சிவப்பு ஐ.சி. அம்மாவின் வேலை இதுதான். அவரிடம் போகிற எல்லோரின் முழுப் பெயர், ஐ.சி. எண், நோய் விவரம், வீட்டு எண் எழுதிய தாள் இருக்கட்டும். புறப்படும்போது, நடுவில், முடிந்ததும் என்று மூன்று முறை தலைவி அவரை அழைக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டியும் அழைப்பு வராவிட்டால் அவர் யாரை அழைப்பது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். கூட்டம் கலைந்தால் சந்திக்கும் இடம் பேங்க் நெகாரா கொமுட்டர் நிலையம். போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் நினைவில் இருக்கும்படி எல்லோரும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நடக்கும்போது எதிர்ப்பாளர் யாராவது ஓரத்தில் நின்று கத்தினால் பதில் சொல்லாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். நெஞ்சுப் பட்டை அணிந்த தொண்டர்கள் அதற்காகவே இருக்கிறார்கள். போலீஸ் கலைந்து போகச் சொல்லி உத்தரவிட்டால் கலையுங்கள். மறுப்பவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம். மகளிர் பேரணிகள் பொதுவாக அமைதியாகத் தொடங்கி அமைதியாக முடிகின்றன. பிறகு விசாரணைக்கு அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் ஏற்பாட்டாளர்களும் மேடையில் பேசியவர்களும்தான். அப்படியும் கைதானால்: ஏன் என்று கேளுங்கள், காரணத்தைச் சொல்வது அவர்கள் கடமை. உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் பேச உங்களுக்கு உரிமை உண்டு. பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டியவர் பெண் அதிகாரி மட்டுமே. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெயர், ஐ.சி., முகவரி கொடுங்கள். உங்கள்மேல் குற்றம் சாட்ட வழிசெய்யும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். மலாய் சரியாக வராதவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் அன்றைக்கென்று அறிவிக்கும் வழக்கறிஞர் எண்ணைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள், போன் கையை விட்டுப் போகலாம்.

படம் எடுப்பதில் கவனம். கணவனின் அடிக்குப் பயந்து ஊர் மாறி இருப்பவரோ பாதுகாப்பு உத்தரவு வாங்கியவரோ உங்களில் இருந்தால், அவர் முகமூடி அணியட்டும், குழுப் படத்தில் நிற்க வேண்டாம். தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்கள் தங்கள் முகம் வெளியில் வர விரும்பாவிட்டால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது. வீடே நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

வீட்டில், கோயிலில் ஒரு பேச்சு வரும்: 'இதெல்லாம் படித்த பட்டணத்துப் பொம்பளைங்க வேலை.' 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளை அவர்களுக்குச் சொல்லுங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுதல், துரைகள் முன்னால் சைக்கிளில் போகும் உரிமை. அதே பட்டியலில் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும், பேச்சுரிமையும் கூடும் உரிமையும் வேண்டும் என்பதும் இருந்தன. லயத்து மக்கள் எண்பது வருடத்துக்கும் முன் வைத்த கோரிக்கை இது. 

முடிந்ததும் பதாகைகளைத் தெருவில் விடாதீர்கள், மடித்துக் கொண்டுவாருங்கள். ரயில் ஏறும் முன் தலை எண்ணுங்கள், ஊரில் இருக்கும் அம்மாவை அழையுங்கள். அந்த மூன்று கோரிக்கைகளையும் ஒரு பக்க மகஜராக மலாயில் எழுதி, அடுத்த வாரமே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுங்கள். இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளக் குறை என்றால் மகஜரோடு நிறுத்தாமல், சம்பளச் சீட்டுகளோடு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வீட்டில் அடி உதை என்று யாராவது பயணத்தின்போது வாய் திறந்தால், ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம், 15999 தாலியான் காசே உதவி எண்ணை அப்போதே அழைக்கலாம். ரயில் இருட்டில் போகும்போதுதான் பலர் முதன்முறையாக வாய் திறக்கிறார்கள், பக்கத்து இருக்கையில் தூங்காமல் ஒருவர் இருங்கள்.